பொறியியல் படிப்புக்கு மடிக்கணினி: முதலாண்டு மாணவர்களுக்கான வழிகாட்டி

பொறியியல் கலந்தாய்வில் இடம் உறுதியாகி, கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் கட்டி முடித்த கையோடு பெரும்பாலான குடும்பங்கள் செய்கிற அடுத்த பெரிய செலவு மடிக்கணினிதான். நான்கு ஆண்டுகளுக்கு ஒரே முறை செய்யப்படும் இந்தச் செலவு பல வீடுகளில் ஒரு மாத வருமானத்தைக் காட்டிலும் அதிகமாக இருக்கிறது. சில வீடுகளில் நகையை அடகு வைத்தும் வாங்குகிறார்கள். இத்தனை அருமையான பணம், கடைக்குள் நுழைந்த அரை மணி நேரத்துக்குள், விற்பனையாளர் எடுத்து வைக்கும் இரண்டு மூன்று மாடல்களுக்குள், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் வண்ணச் சீட்டைப் பார்த்துச் செலவாகிவிடுவது வருத்தத்துக்குரியது. தமிழ்நாட்டில் பி.இ. அல்லது பி.டெக். முதலாண்டில் சேரும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் எந்த வரிசையில் யோசித்தால் பணம் வீணாகாது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் துறை, அடுத்து அந்தத் துறையில் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் பயன்படும் மென்பொருள், அதற்குப் பிறகே கணினி என்பதுதான் அந்த வரிசை.

முதல் படி: வாங்கும் முன் கேட்டறிய வேண்டியவை

கல்லூரி திறக்கும் நாளன்றே கையில் மடிக்கணினி இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை. முதலாண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான் நிரலாக்கம், பொறியியல் வரைபடம் ஆகியவையே பெரும்பகுதியாக இருக்கும். பைத்தான் பயிற்சிக்குக் கல்லூரி ஆய்வகமே போதும். வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய கணினி இருந்தால் அதுவும் போதும். ஆகவே வகுப்பு தொடங்கி ஒரு மாதம் பொறுத்திருந்து வாங்குவதில் இழப்பு ஏதுமில்லை. அந்த ஒரு மாதத்தில் உங்கள் துறையின் மூன்றாமாண்டு மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேசிப் பார்த்தால், எந்தக் கடைக்காரரும் சொல்லாத விவரங்கள் கிடைக்கும். எந்தெந்த மென்பொருள்களை உண்மையிலேயே தங்கள் சொந்தக் கணினியில் நிறுவினார்கள், எவற்றை ஆய்வகத்தில் மட்டும் பயன்படுத்தினார்கள், கல்லூரி வாங்கியிருக்கும் உரிமம் விடுதியிலும் வேலை செய்கிறதா, இறுதியாண்டுத் திட்டப்பணியின்போது எது போதாமல் போயிற்று என்பவற்றை அவர்களிடம் கேளுங்கள்.

அரசு வழங்கும் மடிக்கணினி குறித்தும் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது. 2025-26ஆம் ஆண்டுக்கான தமிழக நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. உங்கள் கல்லூரியும் உங்கள் ஆண்டும் அதில் வருகின்றனவா என்பதை உறுதி செய்துகொள்ளாமல் சொந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டுப் பின்னர் வருந்த வேண்டியதில்லை. கல்விக் கடன் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவைப்படும் கணினியின் நியாயமான விலையும் கடனில் சேர்க்கத்தக்க செலவாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. விண்ணப்பிக்கும்போதே அந்தத் தொகையைச் சேர்த்துக் காட்டினால், கடையில் அதிக வட்டிக்குத் தவணை எடுக்கும் நிலை வராது. பலர் இதைக் கேட்பதே இல்லை. வங்கி மேலாளரும் தானாகச் சொல்வதில்லை.

இரண்டாம் படி: உங்கள் துறை என்ன கேட்கிறது?

கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் சேர்ந்தவர்களுக்குத்தான் மிகச் சக்திவாய்ந்த கணினி தேவை என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது; நிலைமை பெரும்பாலும் நேர் எதிரானது. சி, ஜாவா, பைத்தான், தரவுத்தளம், வலைத்தள உருவாக்கம் ஆகிய எல்லாவற்றுக்கும் நடுத்தரமான புராசஸரும் (கணினியின் மூளையான சில்லு) 16 ஜி.பி. ரேமும் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) தாராளம். இத்துறையில் கணினியைத் திணறடிப்பவை கைபேசிச் செயலிகளை உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினிபோல் இயங்கும் மெய்நிகர் இயந்திரங்களும்தான். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை எமுலேட்டருடன் (கைபேசியைக் கணினித் திரையில் போலச் செய்யும் கருவி) சேர்த்து இயக்க 16 ஜி.பி. ரேம் வேண்டும் என்று கூகுளே குறிப்பிடுகிறது. செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் பிரிவுகளில் சேர்ந்தவர்கள் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் படிக்கவே முடியாது என்று பயமுறுத்தப்படுகிறார்கள். பாடத்திட்ட அளவிலான பயிற்சிகளுக்குக் கூகுள் கோலாப் போன்ற சேவைகள் குறிப்பிட்ட வரம்புக்குள் இலவசமாகவே ஜி.பி.யூ.வை (கிராஃபிக்ஸ் கார்டின் சில்லு) இணையம் வழியாகத் தருகின்றன. சொந்தக் கணினியிலேயே மாதிரிகளைப் பயிற்றுவிக்க விரும்பினால் என்விடியா கார்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஏனென்றால் இத்துறையின் பெரும்பாலான கருவிகள் அந்நிறுவனத்தின் 'கூடா' (CUDA) என்ற தொழில்நுட்பத்தைச் சார்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன.

இயந்திரவியல், கட்டடப் பொறியியல் மாணவர்களின் நிலை வேறு. ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், கிரியோ, ரெவிட், ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ், ஆன்சிஸ் ஆகிய வடிவமைப்பு, பகுப்பாய்வு மென்பொருள்கள் பிந்தைய ஆண்டுகளில் தொடர்ந்து வரும். இவற்றில் உதிரி பாகம் ஒன்றை வரைவதற்கும், ஐம்பது அறுபது பாகங்களைச் சேர்த்துக் கோப்பதற்கும், விசைப் பகுப்பாய்வு செய்வதற்கும் கணினியிடம் கேட்கப்படும் உழைப்பு வெவ்வேறானது. பாகம் வரைவது பெரும்பாலும் புராசஸரின் ஒற்றைக் கோரின் (அதனுள் இருக்கும் தனித்தனிக் கணக்கீட்டு அலகுகளில் ஒன்று) வேகத்தைச் சார்ந்தது. அதற்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டாலும் பெரிய தொல்லை இல்லை. பெரிய கோவைகளைத் திரையில் சுழற்றிப் பார்க்கும்போதுதான் கிராஃபிக்ஸ் கார்டின் அருமை தெரியும். பகுப்பாய்வோ ரேமைத்தான் விழுங்கும். எனினும் ஆன்சிஸ் நிறுவனம் மாணவர்களுக்கு இலவசமாகத் தரும் பதிப்பில் கட்டமைப்புப் பகுப்பாய்வுக்கு 1,28,000 கணுக்கள் அல்லது கூறுகள் (கணக்கிடுவதற்காகப் பாகத்தைப் பிரிக்கும் புள்ளிகளும் சிறு துண்டுகளும்) என்ற வரம்பு இருப்பதால், அதைத் தாண்டிய கணக்கை உங்கள் கணினியில் செய்யப்போவதில்லை. அந்த வரம்புக்குள் 16 ஜி.பி. போதுமானது. ரெவிட் மட்டும் குறைந்தபட்சமே 16 ஜி.பி. கேட்கும் மென்பொருள். கட்டடத் தகவல் மாதிரியமைப்பில் வேலை தேட எண்ணும் சிவில் மாணவர்கள், பின்னாளில் 32 ஜி.பி. வரை ரேமை உயர்த்த வசதியுள்ள மாடலையே வாங்க வேண்டும். ஆட்டோகேட், ரெவிட், ஃப்யூஷன் ஆகியவற்றை ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு ஓராண்டு உரிமமாக இலவசமாகத் தந்து, படிக்கும் காலம் வரை புதுப்பித்தும் தருகிறது என்பதால் இவற்றுக்குத் திருட்டுப் பதிப்பைத் தேடி அலையத் தேவையே இல்லை.

மின்னணு மற்றும் தொடர்பியல் (இ.சி.இ.) துறையில் கவனிக்க வேண்டியது சேமிப்பிடம். மேட்லேப், எல்.டி.ஸ்பைஸ், கெய்ல், ஆர்டுயினோ ஆகியவை எளிதில் அடங்கிவிடும், ஆனால் எஃப்.பி.ஜி.ஏ. (தேவைக்கேற்ப உள்ளமைப்பை மாற்றக்கூடிய சில்லு) பயிற்சிக்குப் பயன்படும் விவாடோ ஒன்றே பல பத்து ஜி.பி. இடத்தை எடுத்துக்கொள்ளும். 256 ஜி.பி. சேமிப்பகத்துடன் இத்துறை மாணவர் மூன்றாமாண்டைத் தாண்டுவது கடினம். கேடன்ஸ் போன்ற சில்லு வடிவமைப்பு மென்பொருள்கள் கல்லூரி ஆய்வகத்தின் லினக்ஸ் கணினிகளில்தான் இயங்குமாகையால் அவற்றுக்காக நீங்கள் எதையும் கூடுதலாக வாங்க வேண்டியதில்லை. மின்னியல் துறைக்கு மேட்லேப், சிமுலிங்க் ஆகியவற்றை மனதில் வைத்துக்கொண்டாலே போதும். வேதிப் பொறியியல், உயிரித் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம், ஜவுளி ஆகிய துறைகளில் சேர்ந்தவர்கள் நடுத்தர மடிக்கணினியோடு நின்றுவிடலாம்.

மூன்றாம் படி: இயங்குதளம்

பொறியியல் மாணவருக்கு விண்டோஸ் 11தான் பாதுகாப்பான தேர்வு. சாலிட்வொர்க்ஸ், ரெவிட், ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ், கெய்ல் ஆகியவை விண்டோஸுக்காகவே எழுதப்பட்டவை. ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் ஏர் எடை குறைந்தது, பேட்டரி நீடித்து உழைப்பது, திரையும் உயர்தரமானது என்பதில் ஐயமில்லை. கணினி அறிவியல் மாணவர் அதை நம்பி வாங்கலாம். ஆனால் மெக்கானிக்கல், சிவில், இ.சி.இ. மாணவர்கள் அதை வாங்கினால் பாதி ஆய்வகப் பயிற்சியைத் தங்கள் அறையில் செய்து பார்க்க முடியாமல் போகும். குவால்காமின் ஸ்னாப்டிராகன் சில்லுகளில் இயங்கும் விண்டோஸ் மடிக்கணினிகளும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் அன்றாட வேலைகள் நன்றாக நடந்தாலும், பொறியியல் மென்பொருள்களும் ஆய்வகக் கருவிகளை இணைக்கும் டிரைவர்களும் இன்டெல், ஏ.எம்.டி. புராசஸர்களுக்கென எழுதப்பட்டவை என்பதால் இப்போதைக்குத் தவிர்ப்பதே நல்லது. குரோம்புக் இந்தப் படிப்புக்கு உதவாது.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 நிறுவ இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசஸரும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதியும் வேண்டும். பழைய கணினியை உறவினரிடமிருந்து பெறுகிறவர்களும் மறுவிற்பனைக் கடையில் வாங்குகிறவர்களும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நான்காம் படி: புராசஸரின் முழுப் பெயரைப் படியுங்கள்

அதிகமானோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 'ஐ5', 'ரைசன் 5' என்ற முன்பாதியை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தி அடைவது, முகவரியில் தெருவின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு வீடு தேடிப் போவதைப் போன்றது. அதற்குப் பின்வரும் எண்களிலும் எழுத்திலும்தான் விஷயம் இருக்கிறது.

ஓர் உதாரணத்தை உற்றுப் பாருங்கள். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு ஆகிய இரண்டும் கடை அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும். விலை வேறுபாடும் பெரிதாக இராது. ஏ.எம்.டி. நிறுவனம் 2023ஆம் ஆண்டு மாடல்களுக்குக் கொண்டுவந்த பெயரிடும் முறையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளிருக்கும் வடிவமைப்பின் தலைமுறையைக் குறிக்கிறது. 7520யு என்பதில் மூன்றாவது இலக்கம் 2. அதாவது 2019இல் வெளிவந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர்கள். 7530யு என்பதில் அது 3. ஜென் 3 வடிவமைப்பு, ஆறு கோர்கள். 7520யு இணையத்தில் பாடம் பார்க்கவும் ஆவணம் தயாரிக்கவும் போதுமானது. மெக்கானிக்கல் மாணவர் சாலிட்வொர்க்ஸ் கோவையைத் திறக்கும்போது அது திணறும். இரண்டு பெட்டிகளிலும் ஒட்டியிருக்கும் வண்ணச் சீட்டில் 'ரைசன் 5' என்று ஒரே மாதிரிதான் எழுதியிருக்கும்.

இன்டெல் புராசஸர்களில் இறுதி எழுத்தைக் கவனியுங்கள். யு என்று முடிபவை ஏறத்தாழ 15 வாட் அடிப்படை மின்திறனில் இயங்குபவை. பேட்டரி நீடிக்கும், சூடு குறைவு. எச் என்று முடிபவை 45 வாட் வகையைச் சேர்ந்தவை. நீண்ட நேரக் கணக்கீட்டுக்கு ஏற்றவை, ஆனால் விசிறி சத்தமிடும், சார்ஜரும் கனக்கும். ஐ5-1235யு, ஐ5-1335யு போன்றவை கணினி அறிவியல், இ.சி.இ., மின்னியல் மாணவர்களுக்குப் போதுமானவை. ஐ5-12450எச், ஐ5-13420எச் போன்றவை வடிவமைப்பு மென்பொருள்களை அதிகம் பயன்படுத்துவோருக்குப் பொருந்தும். அண்மையில் இன்டெல் 'ஐ' என்ற எழுத்தையே கைவிட்டுக் கோர் 5, கோர் 7, கோர் அல்ட்ரா 5 என்று பெயரிட ஆரம்பித்திருக்கிறது. பெயர் புதிது என்பதால் உள்ளிருப்பதும் முற்றிலும் புதிது என்று கருதிவிட வேண்டாம். அல்ட்ரா என்ற சொல் இல்லாத சில மாடல்கள் முந்தைய தலைமுறை வடிவமைப்பின் மறுபதிப்புகளே. ஒரு தலைமுறை பழைய எச் வகைப் புராசஸர், புத்தம் புதிய யு வகையைவிடக் குறைந்த விலையில் அதிக உழைப்பைத் தருவதும் உண்டு. செலரான், பென்டியம், அத்லான், இன்டெல் என்100 ஆகிய பெயர்களைக் கண்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கடந்து சென்றுவிடுங்கள்.

ஐந்தாம் படி: ரேமும் சேமிப்பகமும்

8 ஜி.பி. ரேம் போதுமா என்ற கேள்விக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை ஆம் என்று சொல்ல முடிந்தது. இன்று விண்டோஸ் 11 எதையும் திறக்காத நிலையிலேயே மூன்று நான்கு ஜி.பி.யை எடுத்துக்கொள்கிறது, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் திரைக்கான நினைவகமும் இதே ரேமிலிருந்துதான் போகிறது. நான்கு ஆண்டுகள் ஓட வேண்டிய கணினிக்கு 16 ஜி.பி. என்பதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் போதவில்லை என்றால் ஐ7ஐ விட்டு ஐ5க்கு இறங்குங்கள், உலோக உடலை விட்டுப் பிளாஸ்டிக் உடலுக்கு இறங்குங்கள், ரேமில் இறங்காதீர்கள்.

முன்பெல்லாம் 8 ஜி.பி.யுடன் வாங்கிவிட்டு, ஓராண்டு கழித்து இரண்டாயிரம் ரூபாய் அளவில் இன்னொரு ரேமைச் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனமான வழியாக இருந்தது. 2025ஆம் ஆண்டின் இறுதி மாதங்களிலிருந்து, செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பெருந்தேவையால், நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறிவிட்டதால் அந்தக் கணக்கு இப்போது பொருந்துவதில்லை. கடையில் தனி ரேமின் அன்றைய விலையையும், 16 ஜி.பி. மாடலுக்கும் 8 ஜி.பி. மாடலுக்கும் உள்ள வேறுபாட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

ரேமை உயர்த்த முடியுமா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். ரேமின் வகை எல்.பி.டி.டி.ஆர்.5 என்று குறிப்பிட்டிருந்தால், மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. பின்னாளில் மாற்றவோ கூட்டவோ இயலாது. அத்தகைய மாடலை 8 ஜி.பி.யுடன் வாங்குவது நான்கு ஆண்டுகளுக்கும் கையைக் கட்டிக்கொள்வதாகும். வெறும் டி.டி.ஆர்.4 அல்லது டி.டி.ஆர்.5 என்றிருந்தால் இன்னொரு ரேமைச் செருக இடம் (ஸ்லாட்) இருக்க வாய்ப்புண்டு. கடையில் இயங்கிக்கொண்டிருக்கும் கணினியிலேயே இதைச் சரிபார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்று மெமரி என்பதைத் தொட்டால், 'ஸ்லாட்ஸ் யூஸ்ட்' என்ற வரியில் இரண்டில் ஒன்று, இரண்டில் இரண்டு என்பதுபோல் காட்டும். சில மாடல்களில் பற்றவைத்த ரேமையும் ஓர் இடமாகவே கணக்கில் காட்டுவதுண்டு என்பதால், நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு 8 ஜி.பி. ரேம்கள் ஜோடியாக இருப்பது ஒற்றை 16 ஜி.பி.யைவிட வேகமானது; தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இந்த வேறுபாடு முப்பரிமாண வரைபடங்களில் நன்றாகவே தெரியும்.

சேமிப்பகம் என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யாக (சுழலும் தட்டு இல்லாத வேகமான வகை) இருக்க வேண்டும், அளவு 512 ஜி.பி. இருக்க வேண்டும். 512 என்று வாங்கியது கணினியில் 476 என்று காட்டுவதைப் பார்த்துப் பலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது, குறை ஒன்றுமில்லை. இரண்டாவது எஸ்.எஸ்.டி. பொருத்த இடமுள்ள மாடல் கிடைத்தால் இ.சி.இ. மாணவர்களுக்கு அது பெரிய உதவி.

ஆறாம் படி: தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமா?

வடிவமைப்பை வாழ்க்கைத் தொழிலாகக் கருதும் மெக்கானிக்கல், சிவில், வாகனப் பொறியியல் மாணவர்களுக்கும், ஆழ்கற்றலில் தீவிர ஆர்வமுள்ளவர்களுக்கும் வேண்டும். மற்றவர்களுக்கு வேண்டியதில்லை. விளையாட்டுக்காக வாங்க விரும்பினால், அதற்கான கூடுதல் செலவு படிப்புக்கானது அல்ல என்பதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லி வாங்குங்கள்.

ஆர்.டி.எக்ஸ். 3050, 4050, 5050 என்ற பெயர்களைத் தாண்டி இரண்டு எண்களைக் கேளுங்கள். ஒன்று, கார்டின் சொந்த நினைவகம். ஆழ்கற்றலுக்கு 4 ஜி.பி. விரைவில் போதாமல் போய்விடும், 6 ஜி.பி.யோ அதற்கு மேலோ இருப்பது நல்லது. மற்றொன்று, அதற்குத் தரப்படும் மின்திறன். ஆர்.டி.எக்ஸ். 4050 மடிக்கணினிக் கார்டை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் அமைக்கத் தயாரிப்பாளருக்கு அனுமதி உண்டு; ஒரே பெயர் கொண்ட இரண்டு கணினிகளுக்கு இடையே வேகம் பெரிதும் வேறுபடுவதற்கு இதுவே காரணம். இவ்வகைக் கணினிகள் பெரும்பாலும் இரண்டு கிலோவைத் தாண்டும். செங்கல் போன்ற சார்ஜரையும் சேர்த்துத் தினமும் பேருந்தில் நின்றபடி சுமந்து செல்ல முடியுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஏழாம் படி: கையிலும் கண்ணிலும் படுபவை

திரை 1920க்கு 1080 அல்லது 1920க்கு 1200 புள்ளிகள் கொண்ட ஐ.பி.எஸ். வகையாக இருக்கட்டும். பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது நிறம் மங்கினால் அது டி.என். வகை, வேண்டாம். வெளிச்ச அளவு 250 நிட்ஸ் என்பது அறைக்குள் போதும். சன்னல் திறந்த வகுப்பறைக்கு 300 நிட்ஸ் இருந்தால் கண் நோகாது. வரைபட மென்பொருள் பயன்படுத்துவோருக்கு 15.6 அல்லது 16 அங்குலத் திரையும் எண் விசைகள் தனியாக உள்ள விசைப்பலகையும் உதவும். அவர்கள் நடுவில் உருளும் பொத்தான் கொண்ட மவுஸ் ஒன்றை நிச்சயம் வாங்க வேண்டும். டச்பேடை மட்டும் வைத்துக்கொண்டு சாலிட்வொர்க்ஸ் கற்பது வேதனை.

பேட்டரிக்கு விளம்பரத்தில் சொல்லப்படும் மணிக்கணக்கை ஒதுக்கிவிட்டு வாட்-மணி அளவைப் பாருங்கள். 41, 42 வாட்-மணி பேட்டரிகள் முழுநாள் வகுப்புக்குத் தாங்குவது அரிது. 50க்கு மேல் இருப்பதைத் தேடுங்கள். யூ.எஸ்.பி.-சி வழியாகச் சார்ஜ் ஏறும் வசதி இருந்தால், சார்ஜரை மறந்து வந்த நாளில் நண்பருடையதை வைத்துச் சமாளிக்கலாம். புரொஜெக்டருக்கு ஹெச்.டி.எம்.ஐ. துளையும், ஆய்வகக் கருவிகளுக்குக் குறைந்தது இரண்டு சாதாரண யூ.எஸ்.பி. துளைகளும் அவசியம். மூடியை ஒரு விரலால் திறந்து, கீல் உறுதியாக இருக்கிறதா என்பதையும், விசைப்பலகையின் நடுவில் அழுத்தினால் குழிகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: விலையும் பழைய கணினியும்

நினைவக விலை ஏற்றத்தால் மாதத்துக்கு மாதம் விலை மாறிக்கொண்டிருப்பதால், இங்கு சொல்பவற்றை ஏறத்தாழவே எடுத்துக்கொள்ள வேண்டும். 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., நல்ல ஐ5 அல்லது ஆறு கோர் ரைசன் 5 கொண்ட மடிக்கணினிக்கு 50,000 முதல் 65,000 ரூபாய் வரை ஒதுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான மாணவர்களின் தேவை இங்கேயே நிறைவடைந்துவிடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுவோர் 75,000 ரூபாய்க்கு மேல் திட்டமிட வேண்டும். 35,000 ரூபாய்க்குள்தான் முடியும் என்றால், திறன் குறைந்த புதிய கணினியைவிட, நிறுவனங்கள் பயன்படுத்திவிட்டுக் கழித்த திங்க்பேட், லாட்டிட்யூட், எலிட்புக் வரிசைக் கணினிகளே மேலானவை என்பது என் உறுதியான கருத்து. இவற்றின் உடல் உறுதியானது, பல மாடல்களில் ரேமை மாற்றலாம், உதிரி பாகங்களும் எளிதில் கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவிலும் பிற நகரங்களின் மறுவிற்பனைக் கடைகளிலும் இவை ஏராளமாக வருகின்றன.

பழைய கணினி வாங்கும்போது செய்தே தீர வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கடையிலேயே விண்டோஸை முழுமையாக ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் கைபேசியின் இணையத்தோடு இணைத்து, முதல் அமைப்பைத் தொடங்குங்கள். முந்தைய நிறுவனத்தின் பெயரைக் காட்டி அதன் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்டால், அந்தக் கணினி இன்னும் அந்நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பதிவேட்டிலிருந்து விடுவிக்கப்படவில்லை என்று பொருள்; இன்று ஏதோ செய்து திறந்து கொடுத்தாலும் அடுத்த ரீசெட்டில் பூட்டிக்கொள்ளும். பயாஸுக்கு (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை மென்பொருள்) கடவுச்சொல் இருந்தாலும் வாங்காதீர்கள். பேட்டரிக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிவிடுவது நல்லது.

ஒன்பதாம் படி: பணம் கொடுக்கும்போது

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கல்லூரித் திறப்புச் சலுகைகளும், ஆயுத பூஜை, தீபாவளியை ஒட்டிப் பண்டிகைத் தள்ளுபடிகளும் வரும். முதல் படியில் சொன்னபடி பொறுத்திருக்க முடிந்தவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பும் கைக்கு எட்டும். வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படுவதில், வட்டிக்கு ஈடான தொகையை விலையில் கழித்துவிட்டு, வங்கி அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமும் வசூலிக்கிறது. தவணை எடுக்காமல் ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று கேட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

ரசீது ஜி.எஸ்.டி. எண்ணுடன், கணினியின் வரிசை எண் குறிப்பிடப்பட்டு, மாணவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். பெட்டியின் மீதுள்ள வரிசை எண்ணும் கணினியின் அடியில் உள்ளதும் ஒன்றுதானா என்று பாருங்கள். சேவை மையம் வீட்டுக்கு அருகில் இருப்பதைவிடக் கல்லூரிக்கு அருகில் இருப்பது முக்கியம். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் பழுதானால் கணினியைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போக முடியாது. பழுதுபார்ப்பவர் இடம் தேடி வரும் வாரன்டியா, நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடுதியில் தங்குவோர், கீழே விழுதல், நீர் கொட்டுதல் ஆகியவற்றுக்கான பாதுகாப்புத் திட்டத்தையும் சேர்த்து வாங்குவது வீண்செலவல்ல. சாதாரண வாரன்டி இவ்விரண்டையும் ஏற்பதில்லை. திரை உடைந்தால் ஆகும் செலவு அந்தத் திட்டத்தின் விலையைவிடப் பெரும்பாலும் அதிகம். இலவசமாகத் தருவதாகச் சொல்லும் பை, ஹெட்போன், ஆன்டிவைரஸ் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, அவற்றுக்கு ஈடாக வாரன்டி நீட்டிப்பைக் கேட்டுப் பாருங்கள். சில கடைகள் சம்மதிக்கும்.

பத்தாம் படி: முதல் வாரம்

இணையத்தில் வாங்கியதென்றால் பெட்டியைப் பிரிப்பதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே திரை, ஒலிபெருக்கி, கேமரா, எல்லாத் துளைகள், வைஃபை ஆகியவற்றைச் சோதித்துவிடுங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுவதும் விரித்துக் கரும்புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றித் தரும் காலம் மிகக் குறுகியது. விண்டோஸ் புதுப்பித்தல்களை முடித்த பின், சேமிப்பகம் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவியான 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள். பின்னாளில் லினக்ஸ் நிறுவும்போதோ மதர்போர்டு மாற்றும்போதோ அந்த எண் கேட்கப்படலாம். அது இல்லாவிட்டால் உள்ளிருக்கும் கோப்புகளை யாராலும் மீட்க முடியாது.

உரிமம் உடைக்கப்பட்ட சாலிட்வொர்க்ஸ், மேட்லேப் ஆகியவற்றைப் பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவித் தருவதாக விடுதியில் யாராவது முன்வருவார்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவச் சொல்லும் எந்த மென்பொருளும் உங்கள் வங்கிக் கடவுச்சொல் இருக்கும் கணினிக்குள் வரக் கூடாது. கல்லூரி உரிமம் இல்லாத இடத்தில் ஃப்ரீகேட், சைலேப், கைகேட் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. சைலேப் உள்ளிட்ட பலவற்றுக்கு ஐ.ஐ.டி. பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் தமிழிலேயே பாடங்களைத் தருகிறது.

எப்போதும் மின்னிணைப்பிலேயே வைத்துப் பயன்படுத்துவோர், பேட்டரி 80 விழுக்காட்டோடு நிற்கும்படி தயாரிப்பாளரின் செயலியில் அமைத்துக்கொண்டால் அதன் ஆயுள் கூடும். மெத்தையின் மீது வைத்து இயக்கினால் அடிப்பகுதியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுக் கணினி சூடேறி வேகம் குறையும். மேசை இல்லாத அறையில் ஒரு தடித்த அட்டையையாவது அடியில் வையுங்கள். மூன்றாமாண்டில் திட்டப்பணி தொடங்கும் முன் ஒரு வெளி வன்தட்டை வாங்கி, நிரல்களையும் வரைபடங்களையும் அறிக்கையையும் வாரம் ஒருமுறை அதில் நகலெடுத்து, அந்த வன்தட்டைக் கணினிப் பையில் அல்லாமல் வேறிடத்தில் வைத்திருங்கள்.